சும்மா விட வேண்டிய நாற்பது வாழை

எங்கள் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். ‘நிலைத்த தோட்டக்கலைப் பயிர் வளர்ப்பு மற்றும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம்’ என்று பெயர். இடம் போதாமல் பெயின்டர் அதை இரண்டு வரியாக உடைத்ததில், கீழ் வரியில் ‘பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம்’ மட்டும் தனியாக நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு பேராவது மீசையை முறுக்கிக்கொண்டு வந்து வாட்ச்மேன் வேலை காலி இருக்கிறதா என்று கேட்பார்கள். உள்ளே எல்லாமே ‘நிலைத்த’ வகை. நிலைத்த உரம், நிலைத்த நாற்று, நிலைத்த கருத்தரங்கு. என் வேலை மட்டும் பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாம் மாதம் செந்தில்முருகன் சார் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

என் பெயர் ஜெசி. தோட்டக்கலையில் முதுகலை படித்துவிட்டு, வாழைத் தண்டில் வண்டு போட்ட ஓட்டைகளை எண்ணும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எஸ்றா வாத்தியார் தெருவில் யார் கேட்டாலும் “மகள் சயின்டிஸ்ட்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். எந்த சயின்ஸ் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

டாக்டர் செந்தில்முருகன்தான் எங்கள் தலைமை விஞ்ஞானி. வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்வதற்கு ஒரு பூஞ்சாணத்தை வளர்த்துப் பாட்டிலில் அடைத்திருந்தார். ‘கவசம்’ என்று பெயர். நாலு வருஷ உழைப்பு என்பார். அதில் ஒரு வருஷம் பெயர் தேடுவதிலேயே போனது என்று ஆய்வகத்தில் பேசிக்கொள்வார்கள். கண்ணாடித் தட்டில் பூஞ்சாணத்தையும் வண்டையும் சேர்த்து மூடி வைத்தால் ஒன்பதாம் நாள் வண்டு செத்தது. ஒன்பது நாள் மூடி வைத்தால் நானும்தான் செத்துப்போவேன் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுவாரமே என்னை வயல் வேலைக்கு மாற்றிவிட்டார்.

பரிசோதனை செய்ய உண்மையான விவசாயியின் உண்மையான வயல் வேண்டும் என்று நிதி கொடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஆழ்வார்திருநகரி தாண்டி, திருச்செந்தூர் சாலையை ஒட்டி, பேச்சித்தாய் வயல் கிடைத்தது. எண்ணூறு ஏத்தன் வாழை, நேந்திரம் ரகம். வயல் அவளுடையது அல்ல, தளவாய் அண்ணாச்சியிடம் வருஷா வருஷம் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பேசும்போது சிரித்துக்கொண்டேதான் பேசுவார். “பேச்சித்தாய் நல்ல உழைப்பாளி. ஆனா ஒரு தடவ பயிரு படுத்துட்டுன்னா நான் ஆள மாத்திருவேன். அது அவளுக்கும் தெரியும்” என்றார், அவளை வைத்துக்கொண்டே. பேச்சித்தாயும் தலையை ஆட்டினாள். பதினாறு வருஷமாக அந்த வயலை அவள் விடவில்லை. அது போனால் அவளுக்கு வேறு வயல் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் அடுத்தவர் வயலில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

எண்ணூறில் நூற்று இருபது மரங்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாற்பதுக்குக் கவசம், நாற்பதுக்குக் கடையில் விற்கும் பூச்சி மருந்து. மீதி நாற்பதைப் பற்றிச் சொல்லும்போதுதான் சிக்கல் வந்தது.

“இந்த நாப்பதையும் நீங்க சும்மா விட்டுரணும்க்கா” என்றார் செந்தில்முருகன் சார்.

“சும்மான்னா?”

“ஒண்ணுமே செய்யக் கூடாது. தண்ணி பாய்ச்சலாம், உரம் வைக்கலாம். வண்டுக்கு மட்டும் ஒண்ணும் செய்யக் கூடாது.”

“வண்டு வந்துட்டுன்னா மரம் ஒடிஞ்சு விழுந்துருமே சார்?”

“விழணும்க்கா. இது விழுந்தாத்தான் மருந்து அடிச்சது நிக்கிதுன்னு உலகத்துக்குத் தெரியும்.”

பேச்சித்தாய் என் பக்கம் திரும்பினாள். பாளையங்கோட்டையிலிருந்து கையில் நோட்டோடு வருகிற எந்தப் பெண்ணும் அவளுக்கு டீச்சர்தான். “டீச்சர், இவிய தெளிவாத்தான் பேசுதாவளா?” என்று கேட்டாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

செந்தில்முருகன் சாருக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டைப் பையிலிருந்து திருச்செந்தூர் இலை விபூதியை எடுத்து அவள் கையில் வைத்து, அந்த நாற்பதில் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பரிசோதனை முறைகளைப் பற்றி இரண்டு வருஷம் படித்திருக்கிறேன். இப்படி ஒரு படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளும் முருகன்மேல் சத்தியம் செய்தாள். எத்தனை மரம் விழுந்தாலும் நஷ்டத்தை நிலையம் ஈடுசெய்யும் என்று சொன்னதால் ஒத்துக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நல்ல மத்தியான வெயிலில் போய்ச் சேருவேன். நிலையத்து ஜீப் பத்து மணிக்கு முன்னால் புறப்படாது. ஓட்டுநருக்குக் காலைப் பலகாரம் முடிய வேண்டும். ஒவ்வொரு தண்டாகச் சுற்றி வந்து, குண்டூசி குத்தியது போன்ற ஓட்டைகளையும் அதிலிருந்து வழிகிற பிசினையும் எண்ணி எழுதுவேன். ஆறாம் மாதம் கவசம் குடித்த மரங்களில் பிசின் ஒழுக ஆரம்பித்தது. காய்ந்த மட்டையை உரிக்கக் கூடாது, பூஞ்சாணத்துக்கு நிழல் வேண்டும் என்பது சாரின் கட்டளை. அந்த நிழலில் பூஞ்சாணம் எப்படி இருந்ததோ தெரியாது, வண்டு சௌகரியமாக இருந்தது. கடை மருந்து அடித்த மரங்கள் சுமார். சும்மா விட்ட நாற்பதும் உருவிவிட்ட மாதிரி பளபளவென்று நின்றன. என் கண்ணில்தான் கோளாறு என்று பாளையங்கோட்டையில் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

மார்கழியில் ஒரு நாள் சித்தி மகள் கல்யாணத்துக்கு மத்தியானம் போக வேண்டியிருந்தது. ஜீப்பை நம்பாமல் முதல் பேருந்தைப் பிடித்து விடிந்ததும் வயலுக்கு வந்துவிட்டேன். சும்மா விட்ட மரங்களுக்கு நடுவில் பேச்சித்தாய் குனிந்து நின்றாள். பக்கத்தில் பழைய பெயின்ட் வாளி. பழைய வாழைத் தண்டை முழ நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பிளந்து, பிளந்த பக்கம் மண்ணில் படும்படி அங்கங்கே கவிழ்த்துப் போட்டிருந்தாள். அதுவரை அந்தத் துண்டுகளை நான் குப்பை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடியில் மூக்கு நீண்ட கறுப்பு வண்டுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் வழித்து வாளிக்குள் போட்டாள். வாளியில் சோப்புத் தண்ணீர்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளிறிப் போனது.

“சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செய்யலாமாக்கா?”

“மருந்து ஒரு சொட்டு விடல டீச்சர். முருகன் சத்தியமா விடல.”

“கை வைக்க மாட்டேன்னுதானே சொன்னிய?”

அவள் ஒரு மரத்தைக் காட்டினாள். தண்டின் உச்சியில் சிவந்த மொட்டு அப்போதுதான் வெளியே வந்து தலை சாய்ந்திருந்தது. “குல தள்ளுத மரம் டீச்சர். பிள்ளத்தாச்சி மாதிரில்லா? வயித்துல சுமையோட நிக்கிதவள வண்டு திங்கட்டும்னு பாத்துட்டு இருக்கச் சொல்லுதியளா? எங்க பக்கத்துல குல தள்ளுன வாழைய எதிரி வயல்லயே சாக விட மாட்டாவ. வாய்க்கா வரப்புல போறவன்கூட முட்டுக்கம்பு சாஞ்சிருந்தா நிமித்தி வச்சுட்டுத்தான் போவான். நான் முருகன்கிட்டயும் சொல்லிட்டேன். குல சுமக்கப்போற மரத்துக்கு இந்தச் சத்தியம் செல்லாதுன்னு, ஆரம்பத்துலயே.”

“முருகன் என்ன சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லல. ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம்.”

விசாரித்ததில், மீதி அறுநூற்று எண்பது மரங்களையும் பதினாறு வருஷமாக அவள் இப்படித்தான் காப்பாற்றி வருகிறாள் என்று தெரிந்தது. காய்ந்த மட்டையை உரிப்பது, தண்டைப் பிளந்து போடுவது, விடியுமுன் வந்து பொறுக்குவது. எங்கள் நூற்று இருபதில் கவசத்தையும் கடை மருந்தையும் நம்பி எண்பதைத் தொடாமல் விட்டிருந்தாள், நாற்பதை மட்டும் மனம் பொறுக்காமல் கவனித்திருந்தாள். நீங்கள் வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று செந்தில்முருகன் சார் அவளிடம் கேட்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து பட்டம்.

தை பிறந்ததும் கடைசிக் கணக்கெடுப்பு. கவசம் குடித்த நாற்பதில் பதினாலு ஒடிந்து விழுந்திருந்தது. கடை மருந்தில் ஒன்பது. சும்மா விட்டதில் இரண்டு, அதில் ஒன்று தளவாய் அண்ணாச்சியின் மாடு சாய்த்தது. நான் சாரிடம் எண்களையும் சொன்னேன், பெயின்ட் வாளியையும் சொன்னேன். பேச்சித்தாயைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. வாளிதான் கண்டுபிடிப்பு, அதையே எழுதலாம் என்று நிஜமாகவே சந்தோஷமாக ஓடினேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

செந்தில்முருகன் சார் மேசைமேல் இருந்த கவசம் பாட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஏம்மா ஜெசி, வாளிக்கு எவன் நிதி குடுப்பான்?”

“விவசாயிக்குப் பிரயோஜனமா இருக்குமே சார்.”

“விவசாயிக்குத்தான் ஏற்கனவே தெரிஞ்சிருக்கே. அப்புறம் நாம எதுக்கு?”

அந்தக் கேள்வி அவரையே குத்தியிருக்க வேண்டும், அவ்வளவு கோபம். பத்து நாளில் சென்னையிலிருந்து பார்வைக் குழு வருகிறது, அவர்கள் திருப்தியாகப் போனால் ஐந்து வருஷத்துக்குத் திட்டம் நீளும், என்னுடைய ஒப்பந்தமும் அதோடு சேர்ந்து நீளும் என்று நினைவுபடுத்தினார். நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

குழு வந்த அன்று மூன்று கார்கள் சாலையில் நின்றன. அந்தச் சாலையில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் பச்சை வேட்டியோடு போய்க்கொண்டிருந்தது. ஏதோ அன்னதானம் என்று நினைத்து நாலு பேர் எங்கள் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பயனாளிகள் கூட்டமாக இருக்கட்டும் என்று சார் அவர்களுக்கும் இளநீர் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு நாற்பதுக்கும் முன்னால் இருந்த பழைய தகரப் பலகைகளைப் பிடுங்கிவிட்டு ஆங்கிலத்தில் அச்சடித்த புதுப் பலகைகளை முந்தின நாள் நட்டிருந்தார்கள். நட்டது நான். சும்மா விட்ட நாற்பதுக்கு முன்னால் ‘கவசம்’ பலகை. கவசம் குடித்து ஒடிந்து கிடந்த நாற்பதுக்கு முன்னால் ‘எந்த மருந்தும் இல்லை’ பலகை. பேச்சித்தாய்க்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதே அதற்காகத்தான்.

குழுத் தலைவர் கணேஷ்ராம் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வெள்ளைக் காலணி போட்டிருந்தார். அது அழுக்காகக் கூடாது என்று வரப்பில் பலகை போட்டு, அதன்மேல் சமுக்காளம் விரித்திருந்தோம். வயலைப் பார்க்க வந்தவர் மண்ணை மிதிக்காமலே பார்த்தார். பளபளத்து நின்ற நாற்பதையும் பார்த்தார், குலையின் கனத்தைக் கையால் தாங்கிப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

“இந்த மரத்துக்கெல்லாம் நீங்க என்னம்மா பண்ணீங்க?”

பேச்சித்தாய் முதலில் சாரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வாளி விஷயம் வெளியே வந்துவிட்டது, சத்தியத்தை மீறியதற்காக விசாரிக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். கையைக் கூப்பினாள்.

“ஒண்ணுமே பண்ணல சார். முருகன் சத்தியமாச் சொல்லுதேன், இந்த நாப்பதுக்கு ஒரு சொட்டு மருந்து ஊத்தல. சாரு சொன்னபடி சும்மாத்தான் விட்டேன்.”

பந்தலில் இளநீர் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. செந்தில்முருகன் சார் சமுக்காளத்தின் ஓரத்தைச் சரிசெய்யக் குனிந்தார். எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று சொல்ல முடியாது. முடிந்தது, எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கணேஷ்ராம் மெல்லச் சிரித்தார். குழுவில் மற்ற மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா? நட்டப்போ ஒரு தடவை கவசம் குடுத்ததோட சரி. அதுக்கப்புறம் இந்த அம்மா ஒண்ணுமே பண்ணலை. உழைப்பே தேவையில்லை! நிலைத்த விவசாயம்னா இதுதான். டாக்டர், இதை நீங்க உங்க அறிக்கையில எழுதவே இல்லையே?”

“நாங்களே அத அடக்கமா வச்சிருந்தோம் சார்” என்றார் செந்தில்முருகன் சார். அந்த மனிதரை நான் மதித்தது அந்த ஒரு நொடிதான். பேச்சித்தாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றும் செய்யாததற்காகப் பொன்னாடை வாங்கிய முதல் விவசாயி அவளாகத்தான் இருப்பாள். ஐந்து வருஷத் திட்டம் அந்தச் சமுக்காளத்தின்மேலேயே முடிவானது.

அதோடு போயிருந்தால் இதை ஒரு நல்ல நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

குழு போன பிறகு பேச்சித்தாய் சாரிடம் வந்தாள். “அந்தப் பெரிய சாரு நம்ம சும்மா மரத்துக்கும் மருந்து குடுத்ததாச் சொன்னாவளே?” என்று கேட்டாள். அவள் வாயை எப்படியாவது அடைக்க வேண்டிய அவசரம் அவருக்கு. “பூஞ்சாணம் காத்துல பறக்கும்க்கா. அங்கன ஊத்துனது பறந்து வந்து இந்த மரத்துல ஒக்காந்துட்டு. ஒங்களுக்குத் தெரியாமலே அது வேலை பாத்திருக்கு” என்றார்.

“அப்போ ஊத்துன மரம் ஏன் சார் விழுந்துச்சு?”

“எல்லாம் இங்கன பறந்து வந்துட்டுல்லா? அங்க மிச்சம் இல்ல.”

பெரிய படிப்பு படித்தவர் காரணகாரியத்தோடு சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் அடுத்த பயிருக்குக் கன்று நடும் சமயம். எண்ணூறு வாழைக்கும் கவசம் இலவசம், வயல் ‘மாதிரி வயல்’ ஆகிறது என்று சொல்ல என்னை அனுப்பினார்கள். பையில் என்னுடைய புது ஒப்பந்தக் கடிதம் இருந்தது. இந்தத் தடவை மூன்று வருஷம். பேச்சித்தாய் கன்றுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? நீ உள்ளதச் சொல்லுவ. அந்த நாப்பது மரமும் நான் பொறுக்குனதுனால பொழைக்கலையா? மருந்துதான் காப்பாத்திச்சா?”

சாலையில் ஒரு லாரி போனது. அது போகும்வரை எனக்கு அவகாசம் கிடைத்தது. உள்ளதைச் சொன்னால் அவள் ஊர் முழுக்கச் சொல்லுவாள், பொய் பேச அவளுக்குப் பழக்கம் கிடையாது. திட்டம் போகும், கடிதம் போகும். அப்பா தெருவில் “மகள் சயின்டிஸ்ட்” என்று சொல்லவே முடியாது. எனக்கு ஒரு பதில் கிடைத்தது. படிக்கும்போது எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் பார்த்திருந்த அதே பதில்.

“ரெண்டும் சேந்துதான்க்கா. இன்னும் ஆராய்ச்சி பண்ணணும்.”

“ரெண்டும்னா, மருந்து இருந்தாப் போதும்லா?”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் முகம் தெளிந்துவிட்டது. “அப்போ சரி. பதினாறு வருசம் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு. எல்லாம் வீணுதான் போல” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் ஜீப்பில் ஏறினேன். ஏறியபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. திருநெல்வேலி வருவதற்குள் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் அடிக்கடி போகவில்லை. திட்டம் பெரிதானதும் எனக்கு ஓட்டை எண்ண வேறு ஆள் கொடுத்துவிட்டார்கள். நான் மேசையில் உட்கார்ந்து அவர்கள் எண்ணியதை அறிக்கைக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். புரட்டாசியில் பிசின் வழிகிறது என்று எழுதி வந்தது. ‘ஆரம்ப அறிகுறிகள், கவலைக்குரியதல்ல’ என்று சார் சொல்ல, நான் எழுதினேன்.

கார்த்திகையில் ஒரு காற்று. புயல் ஒன்றுமில்லை, கூரை ஓடுகூட நகராத சாதாரணக் காற்று. உள்ளே சல்லடையாகியிருந்த தண்டுகள் அதற்கே தாங்கவில்லை. எண்ணூறில் ஐந்நூற்றுப் பத்து ஒரே நாளில் குலையோடு ஒடிந்து விழுந்தன. இது ‘மாதிரி வயல்’ ஆயிற்றே, உடனே காரணம் எழுதியாக வேண்டும். செந்தில்முருகன் சார் காரணத்தை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ‘பரிந்துரைத்த முறைப்படி விவசாயி மருந்தைப் பயன்படுத்தவில்லை.’ கீழே விவசாயியின் கையெழுத்துக்கு இடம் விட்டு, தமிழில் அடித்து, வாங்கி வரச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

நான் போனபோது தளவாய் அண்ணாச்சி வாய்க்கால் கரையில் இன்னொருவருக்கு வயலின் எல்லையைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் காட்டினார். பேச்சித்தாய் விழுந்த மரங்களுக்கு நடுவில் பிஞ்சுக் குலைகளை அறுத்துக்கொண்டிருந்தாள். அவை மாட்டுக்குத்தான் ஆகும். தாளை நீட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“சரிதான் டீச்சர். நான்தான் பக்குவமா ஊத்தல போல. ஆனி மாசம் ஒரு தடவ காய்ச்சலாக் கெடந்தேன், ரெண்டு நாளு பிந்தித்தான் ஊத்துனேன். அதுல கெட்டிருக்கும்.” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். “நல்ல மருந்து. என்னால அதுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்லா?”

கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பலகையை மாற்றி நட்டது, பூஞ்சாணம் எங்கேயும் பறக்காதது, அந்த நாற்பது மரமும் அவள் பொறுக்கியதால் மட்டுமே பிழைத்தது, வாளியைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொன்னது, நானும் எழுதாமல் விட்டது. அழுதுகொண்டே சொன்னேன். அழுததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பேச்சித்தாய் அழவில்லை. அரிவாளைத் தண்டில் கொத்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நான் பங்குனியில கேட்டப்பவே ஒனக்கு இது தெரியும்?”

“தெரியும்க்கா.”

“ஏழு மாசம் ஆச்சு. ஏழு மாசத்துல இந்தச் சவத்து வண்டு எத்தன தலமொற பெருகும்? நீதான படிச்சவ, சொல்லு.”

எனக்குத் தெரியும். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

“நாலு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நிற்கிற மரங்கள் இன்னும் இருநூற்றுச் சொச்சம் இருந்தன, அறுவடை வரைக்கும் வயல் அவள் பொறுப்பில்தான் இருந்தது. விழுந்து கிடந்த தண்டு ஒன்றை இழுத்துப் போட்டு முழ நீளத்துக்கு வெட்டினாள், நெடுக்காகப் பிளந்தாள். அதைக் கவிழ்த்துப் போட இடம் பார்த்தாள். நான் நின்ற இடம்தான் அது.

“வழிய விடுங்க” என்றாள்.

வரப்பில் ஏறி நின்றேன். தாள் இன்னும் என் கையில்தான் இருந்தது. கையெழுத்து நன்றாக, தெளிவாக விழுந்திருந்தது.